சொல் விளக்கம்: அவதூறும் மானநஷ்டமும்

மெய்ப்புத் திருத்தும் மேசைக்கு வரும் செய்திகளில் ‘அவதூறு வழக்கு’, ‘மானநஷ்ட வழக்கு’ ஆகிய இரண்டும் ஒரே பத்தியில் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். ‘மானநஷ்ட கேஸ் போட்டுடுவேன்’ என்னும் சென்னைத் தெருச்சண்டை வசனத்திலும் இவ்வேறுபாடு காணாமற்போகிறது. ஆனால் அவதூறு என்பது செயலின் பெயர். மானநஷ்டம் என்பது அச்செயலால் ஒருவருக்கு நேரும் இழப்பின் பெயர்.

அவமானம், அவமதிப்பு, அவப்பெயர் ஆகியவற்றில் தாழ்வுப்பொருள் தரும் முன்னொட்டே ‘அவதூறு’ என்பதிலும் நிற்கிறது. சொல்லின் உயிர் ‘தூறு’ என்னும் பிற்பகுதியில் இருக்கிறது. மாறு, மாற்று என்பதுபோல், சிறு துளிகளாகச் சிதறி விழுதலைக் குறிக்கும் தூறு என்னும் வினையின் பிறவினை தூற்று. களத்தில் முறத்தை உயர்த்திப் பிடித்து நெல்லைச் சிறுகச் சிறுகச் சரியவிட்டால், மணி காலடியில் குவியும். பதரும் தூசியும் காற்றோடு போய் யார் வீட்டு வாசலிலோ படியும். இதிலிருந்தே பிறர் பழியைப் பரப்புவதற்கும் தூற்றுதல் என்னும் பெயர் வந்தது. ‘துன்னியார் குற்றமும் தூற்றும் மரபினார்’ என்று புறங்கூறாமை அதிகாரத்தில் (குறள் 188) வள்ளுவர் இச்சொல்லைப் பரப்புதல் என்னும் பொருளிலேயே ஆள்கிறார்.

சட்டம் கேட்பதும் இதைத்தான். ஒருவரைப் பற்றிய இழிசொல் அவரையன்றி மூன்றாம் ஆள் ஒருவருக்கேனும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தனிச்செய்தியில் அவரையே திட்டினால் அது வசை. வேறு குற்றமாகலாம், அவதூறாகாது. அதையே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இட்டால் தூற்றல் தொடங்கிவிடுகிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பகிர்வு தொடர்பான வழக்கொன்றில், அனுப்பப்பட்ட செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஒப்பிட்டது. பிறர் எழுதியதைத்தான் பகிர்ந்தேன், பின்னர் நீக்கியும் விட்டேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அம்புக்காவது ஒரு குறி உண்டு. பதருக்கு அதுவும் இல்லை என்பதால், களத்து உவமையே எனக்குக் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகளில் இருந்த அவதூறு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல் (கட்டாய உழைப்பு இல்லாத சிறை), அபராதம், அல்லது இரண்டும். சமுதாயப் பணி என்பது புதிதாகச் சேர்ந்தது. எழுத்து, பேச்சு என்னும் வேறுபாட்டை இப்பிரிவு பார்ப்பதில்லை. ‘இதுவா, அதுவா’ என மாற்று வடிவிலோ முரண்நகையாகவோ சொன்னாலும் அது அவதூறாகலாம் என்று விளக்கமே இருப்பதால், கேள்விக்குறியும் சிரிப்புப் படமும் கவசமாகா.

தமிழில் இதைவிட நுட்பமான ஒரு பொறி உண்டு. ‘சங்கச் செயலாளர் பராமரிப்புப் பணத்தைச் சுருட்டிவிட்டாராம்’ என்று எழுதுகிறவர், அந்த ‘ஆம்’ தம்மைக் காப்பாற்றும் என நம்புகிறார். கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் வெளியிடுதலே. ‘மார்ச் மாதக் கணக்கு இன்னும் குழுவின் முன் வைக்கப்படவில்லை’ என்பது, உண்மையாயின், நிலைத்து நிற்கும் வாக்கியம்.

மானநஷ்டத்தில் மானம், நஷ்டம் இரண்டும் வடசொற்களே எனினும், மானம் வள்ளுவரிடமே தனி அதிகாரம் பெற்றுத் தமிழாகிவிட்டது. இழப்பீடு கோரும் இவ்வழக்கு உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்துக்குரியது; வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும். இவ்வழக்கில், சொன்னது உண்மை என்று நிறுவினாலே போதும். குற்றவியல் வழக்கான அவதூறு வழக்கில் அது பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து நிறுவ வேண்டும். இரு சொற்களையும் குழப்பி எழுதும்போது வாசகருக்கு இந்த வேறுபாடுதான் தொலைந்துபோகிறது. அரசு என்னும் அமைப்பு மானநஷ்ட வழக்குத் தொடர முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற, நக்கீரன் இதழாசிரியர் ஆர். ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, தூய தமிழ் இணை. அவதூறுக்குப் ‘பழிதூற்றல்’ என்பதை நான் பரிந்துரைப்பேன். களத்து வினை அதில் வெளிப்படையாகவே நிற்கிறது. புறங்கூறல் பொருந்தாது, அது ஆள் இல்லாத இடத்தில் பேசுவதைக் குறிக்குமேயன்றி, உண்மை பொய்யைத் தொடாது. மானநஷ்டத்துக்கு ‘மான இழப்பு’ போதும். அதற்குக் கோரும் தொகையைத்தான் ‘மான இழப்பீடு’ என்று எழுத வேண்டும். இழப்பையும் ஈட்டையும் ஒன்றாக்கிய தலைப்பொன்றை நேற்றுகூடத் திருத்த நேர்ந்தது.