ஃபயர்வால்: தீச்சுவரா, தீயரணா?

ஃபயர்வால் கணினிக்கு முன்பே பிறந்த சொல். ஒரு கட்டடத்தில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாமலிருக்க எழுப்பும் கனத்த சுவருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அப்புறம் காரில் என்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுக்கும் வந்தது. நெட்வொர்க்கில் வந்துபோகும் இணைப்புகளைச் சோதித்து, வேண்டாதவற்றைத் தடுக்கும் காவலுக்கு அந்தப் பெயர் வந்தது 1980களின் கடைசியில்.

சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'தீச்சுவர்'. ஆனால் சுவர் யாரையும் விடாது. இதுவோ எந்த வாயிலைத் திறப்பது, யாரை விடுவது என்று பார்த்துப் பார்த்து விடுகிறது. அதனால் 'தீயரண்' மேல். அதிலும் ஒரு சங்கடம்: 'தீய அரண்' என்று படிக்க இடம் இருக்கிறது. நெட்வொர்க்கில் எரிவதற்குத் தீயும் இல்லை. வெறும் 'அரண்' போதும் என்பேன். திருக்குறளில் 75ஆம் அதிகாரமே அரண்தான். 744ஆம் குறள் அதை 'சிறுகாப்பிற் பேரிடத்ததாகி' என்கிறது: உள்ளே இடம் பெரிது, காக்க வேண்டிய இடம் சிறிது.

கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான எஃப்.டி.பி.யின் சர்வரை அரணுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிறுகாப்பு சட்டென்று புரியும். கடவுச்சொல்லை ஏற்கும், கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் அப்படியே நிற்கும். காரணம், எஃப்.டி.பி.க்கு இரண்டு இணைப்புகள். கட்டளை 21ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது இணைப்புக்கான எண்ணிட்ட வாயில்) போகும், கோப்பு தனி இணைப்பில் போகும். ஆக்டிவ் முறையில் அந்த இணைப்புக்காகச் சர்வரே பயனரின் கணினியைத் தேடிப் போகும். அங்குள்ள அரண் தடுத்துவிடும். பாசிவ் முறையில் சர்வர் ஒரு போர்ட் எண்ணைச் சொல்லும், பயனரின் கணினி அங்கே வரும். இப்போது தடுப்பது சர்வர் பக்கத்து அரண். அபய் பூஷண் 1971இல் இந்த நெறிமுறையை எழுதியபோது இப்படிப்பட்ட அரண்களே கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? பாசிவ் போர்ட்களை 50000 முதல் 50020 வரை என்பதுபோலச் சர்வரில் குறுக்கிவிட்டு, 21உடன் அவற்றை மட்டும் திறந்துவிடுங்கள். சர்வர் ரௌட்டருக்குப் பின்னால் 192.168 என்று தொடங்கும் முகவரியில் இருந்தால், வெளிமுகவரியையும் அமைப்பில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து வருபவரிடம் வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரியைக் கொடுத்துவிடும்.

புதிதாக அமைப்பவர்கள், கோப்புகளை மறையாக்கி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி.க்கே போய்விடலாம். அதற்கு 22ஆம் போர்ட் ஒன்றே வாயில்.