டிரைவ்ல பாராமீட்டர் எழுதுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

மோட்பஸ்ல (கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற முறை) ஒரு வி.எஃப்.டி. டிரைவ்ல (மோட்டர் ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கிற கருவி) இருந்து கரண்ட், ஸ்பீடு, வோல்டேஜ்னு எத்தனை தடவை வேணாலும் படிச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது. பாராமீட்டர், அதாவது டிரைவோட செட்டிங், எழுதுறது அப்படி இல்ல. மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் கம்பெனிகளுக்கு பேனல் போட்டுத் தர்ற பசங்க பல பேர் இதைக் கண்டுக்கிறதே இல்ல.

ஒரு கம்பெனில நடந்ததைச் சொல்றேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஐஸுக்கும் கிராக்கி இருக்காது, அதனால அந்த நேரம் பார்த்து பழைய ஸ்டார்டரைக் கழட்டிட்டு கண்டென்சர் தண்ணி பம்புக்கு புது டிரைவும் அதுக்கு உத்தரவு போடுற பி.எல்.சி. கன்ட்ரோலரும் மாட்டுனாங்க. தடை முடிஞ்சு போட்டுக்காரங்க ஐஸ் பாருக்கு வந்து நிக்கிற நேரத்துல கரண்ட் போய்ட்டு வந்துச்சு, டிரைவ் எந்திரிக்கல, டிஸ்பிளேல மெமரி எரர். "அண்ணே, இவ்வளவு நேரம் நல்லாத்தான்ணே ஓடுச்சு"ன்னாரு ஆபரேட்டர். வோல்டேஜ் மேல பழியைப் போட்டாங்க, மலிவு டிரைவ்னு திட்டுனாங்க, பி.எல்.சி. புரோகிராமைத் திறந்து பார்த்தாத்தான் கதை தெரிஞ்சுது.

பிரஷரைப் பார்த்து பம்பு ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கிற பி.ஐ.டி. கன்ட்ரோல் கணக்கோட அவுட்புட்டை, பி.எல்.சி. வினாடிக்கு ஒருக்கா, ஃபங்ஷன் கோட் 06-ல (ஒரு ரிஜிஸ்டர்ல, அதாவது ஒரு மதிப்பு வெக்கிற இடத்துல, எழுதச் சொல்ற மோட்பஸ் கட்டளை) டிரைவோட பிரீசெட் ஃப்ரீக்வென்சி பாராமீட்டர்ல எழுதிக்கிட்டே இருந்துருக்கு. பாராமீட்டர் கரண்ட் போனாலும் மறக்கக் கூடாதுங்கிறதால பல டிரைவ்ல அது நேரா ஈ.ஈ.ப்ராம்ங்கிற அழியாத மெமரில போய் உக்காந்துரும். அந்த மெமரிக்கு பொதுவா ஒரு லட்சம் தடவை எழுதுறதுதான் கேரண்டி. வினாடிக்கு ஒண்ணுன்னா 27 மணி 46 நிமிஷத்துல கணக்கு தீர்ந்துரும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னாக்கூட ஒரு வருஷம் தாண்டாது. சிப்பு அதுக்கு மேலயும் தாங்கலாம், அது நம்ம அதிர்ஷ்டம். ஓடுறப்போ எதுவும் தெரியாது, ஏன்னா டிரைவ் வேலை பாக்குறது ராம்ங்கிற தற்காலிக மெமரில, கரண்ட் வந்து ஈ.ஈ.ப்ராமைத் திரும்பப் படிக்கிறப்பத்தான் குட்டு உடையும்.

ஸ்பீடு கொடுக்கன்னே தனியா ரெஃபரன்ஸ் ரிஜிஸ்டர் இருக்கும், அது சேவ் ஆகாது, எவ்வளவு வேணாலும் எழுதுங்க. பாராமீட்டரையே மாத்தணும்னா மதிப்பு மாறுனா மட்டும் எழுதுங்க, ராம்ல மட்டும் எழுத வழி இருக்கான்னு மானுவல்ல தேடுங்க. டான்ஃபாஸ் டிரைவ்கள்ல காயில் 65-ங்கிற மோட்பஸ் ஆன்/ஆஃப் பிட் இதுக்குத்தான், 0-ன்னா ராம் மட்டும், 1-ன்னா ஈ.ஈ.ப்ராம்லயும் சேரும். டிரைவை மாத்துனா மதிப்பெல்லாம் தானா ஏறட்டும்னு எழுதிக்கிட்டே இருக்கோம்னு சிலர் சொல்றாங்க, நியாயம்தான், ஆனா அதுக்கு லிங்க் கிடைச்சதும் ஒரு தடவை எழுதுனாப் போதுமே.

நம்ம கடற்கரைல இன்னொரு தொல்லை உப்புக்காத்து. மோட்பஸ் ஒயர் வந்து சேர்ற ஆர்.எஸ்-485 டெர்மினல்ல செம்பு பச்சை பூத்துப்போய் பதில் அப்பப்போ தொலைஞ்சு போகும். டிரைவ் எழுதி முடிச்சிருக்கும், பதில் வரலைன்னு மாஸ்டர், அதாவது பி.எல்.சி., திரும்ப அனுப்பும், அதுவும் எழுதும், இப்படி ஒண்ணுக்கு மூணா சேர்ந்துரும். கம்யூனிகேஷன் எரர் கவுண்டர் ஏறுதுன்னா புரோகிராமைக் குடையுறதுக்கு முன்னாடி டெர்மினலைச் சுத்தம் பண்ணி, லைனோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருக்கான்னு பாருங்க.

06-ல எழுதுனா நாம அனுப்புனதையே டிரைவ் திருப்பி அனுப்பும், அதை வெச்சு மதிப்பு நிலைச்சுருச்சுன்னு நினைக்காதீங்க, படிக்கிற கட்டளையான 03-ல படிச்சு சரி பாருங்க. மானுவல்ல ரிஜிஸ்டர் நம்பர் 40001-னு போட்டிருக்கிறது லைன்ல 0-ஆத்தான் போகும், சில சாஃப்ட்வேர் அதைத் தானாக் கழிக்கும், சிலது கழிக்காது, ஒண்ணு தப்புனா பக்கத்துப் பாராமீட்டர் மாறிடும். படிக்கிறப்போ இந்தத் தப்பு நடந்தா தப்பான நம்பர் தெரியும் அவ்வளவுதான், எழுதுறப்போ ஆக்சிலரேஷன் டைம்னு நினைச்சு ஓவர்லோடு லிமிட்டை மாத்திட்டு வந்துருவோம். 50 ஹெர்ட்ஸைப் புள்ளி இல்லாம சில டிரைவ் 500-ன்னும் (50.0) சிலது 5000-ன்னும் (50.00) கேக்கும், அதையும் முதல்ல ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க.

அந்தக் கம்பெனிக்கு மாத்து டிரைவ் சீக்கிரமே வந்துருச்சு. ஆனா பழைய டிரைவ்ல என்னென்ன மதிப்பு போட்டிருந்தாங்கன்னு யார்கிட்டயும் குறிப்பு இல்ல, மோட்டர் நேம்பிளேட்டோ துருப்பிடிச்சு பாதி எழுத்து போயிருந்துச்சு, உக்காந்து ஒவ்வொண்ணாப் போடவே நேரம் போச்சு. தடைக்காலத்துல பேனல் வேலை பண்றவங்க பாராமீட்டர் லிஸ்ட்டை ஒரு பிரிண்ட் எடுத்து பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டு, இன்னொண்ணை ஓனர்கிட்ட கொடுத்துருங்க.