தனித்து நிற்கும் வாகனக் கொட்டிலுக்குக் கம்பியில்லாக் கமரா: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு எனக் கமரா பொருத்துவதற்காக நான் செல்லும் வளவுகளில், வாகனக் கொட்டில் வீட்டோடு ஒட்டியிருப்பது அரிது. உழவு இயந்திரம் பெட்டியோடு திரும்ப இடம் வேண்டும், டீசல் மணம் வீட்டுக்குள் வரக்கூடாது, அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளையும் அங்கேயே அடுக்க வேண்டும் என்பதால் அது வளவின் பின்புறத்திலோ படலைக்கு அருகிலோ தனியாக நிற்கிறது. உழவு இயந்திரம், அதன் பற்றரி, நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிக்கும் கருவி என ஒரு குடும்பத்தின் அடுத்த போகமே அந்தத் தகரக் கூரையின் கீழ் இருக்கிறது.

அதைக் காக்கக் கமரா வாங்குபவர்கள் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள மெகாபிக்சல் எண்ணைப் பார்த்தே தெரிவு செய்கிறார்கள். நான் கழற்றி எடுத்த கமராக்களில் படத் தரம் போதாமல் பயனற்றுப் போனவை மிகக் குறைவு. கொட்டிலின் தகரத்தையும், வீட்டிலிருந்து அதற்குள்ள தூரத்தையும், அங்குள்ள மின்சார வசதியையும் முன்கூட்டியே பாராததால் பயனற்றுப் போனவையே அதிகம்.

தகரம் வானொலி அலையைத் தெறிக்கச் செய்யும். சுவரும் கதவும் தகரமாக உள்ள கொட்டிலுக்குள் கமராவை வைத்தால், வீட்டு வைஃபை வாசல்வரை நன்றாக வந்தாலும் உள்ளே மங்கிவிடும். இடையில் நிற்கும் மா, பலா மரங்களின் ஈர இலைகளும் அலையை உறிஞ்சுவதால், ஆவணியில் ஒழுங்காக இயங்கிய இணைப்பு கார்த்திகை மழையில் அறுந்துபோவதுண்டு. மேலும், இங்கு பல வீடுகளுக்கு இணையம் 4ஜி ரவுட்டர் வழியாகவே வருகிறது; கோபுரத்தின் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் யன்னலோரத்தில் அதை வைத்திருப்பார்கள், அந்த யன்னல் கொட்டிலுக்கு நேர் எதிர்ப்பக்கமாக இருந்துவிடும்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வைஃபை வலிமையை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் நிறுவி, உழவு இயந்திரம் உள்ளே நிற்க, கதவு பூட்டியிருக்க, கமரா வரப்போகும் அதே உயரத்தில் தொலைபேசியைப் பிடித்துப் பாருங்கள். மறை 67 டிபிஎம் (சமிக்ஞை வலிமையின் அலகு) அல்லது அதைவிடப் பூச்சியத்துக்கு அண்மையான எண் வந்தால் காணொளி தடையின்றி ஓடும். மறை 75ஐத் தாண்டினால் அடிக்கடி விட்டுவிட்டு வரும். மறை 80 என்றால் அந்த இடத்தைக் கைவிட வேண்டியதுதான். சோதனையை 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செய்யுங்கள். 5 ஜிகாஹேர்ட்ஸை விட அது சுவர்களைக் கடந்து கூடிய தூரம் செல்லும். விலை குறைந்த கமராக்கள் பல அதில் மட்டுமே இயங்குகின்றன.

அளவு போதவில்லையென்றால் பலர் ஒரு ரிப்பீட்டரை வாங்கிக் கொட்டிலுக்குள் வைக்கிறார்கள். அங்கே வந்துசேராத சமிக்ஞையை அதனால் பெருக்க முடியாது. வீட்டின் தாழ்வாரத்திலும் கொட்டிலின் முகப்பிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி, வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்ட கம்பியில்லா இணைப்புக் கருவிச் சோடியைப் பொருத்துவதே உறுதியான வழி. செப்பு நெட்வேர்க் கேபிளை இரு கட்டடங்களுக்கிடையே மரத்துக்கு மரம் இழுப்பதை நான் செய்வதில்லை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் கடுமையாக இருக்கும் இந்த மண்ணில், அருகில் விழும் மின்னல்கூட அந்தக் கேபிள் வழியே ரவுட்டரையும் கமராவையும் ஒருசேர எரித்துவிடக்கூடும். கம்பிதான் வேண்டுமென்றால் மின்சாரத்தைக் கடத்தாத ஒளியிழைக் கேபிளைப் பயன்படுத்தலாம்.

கம்பியில்லாக் கமரா என்றால் மின்கம்பியும் தேவையில்லை என்று நினைத்து வாங்கியவர்கள் பலர். பெரும்பாலான வகைகளில் படம் மட்டுமே கம்பியின்றிச் செல்கிறது. மின்சாரம் தொடர்ந்து வேண்டும். கொட்டிலில் 230 வோல்ற் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஆனால் புவித்தொடுப்பு சரியாக உள்ளதா எனத் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்து, மின்னெழுச்சிக் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள். கமராவுக்கு மட்டும் காப்பு மின்கலம் வைத்துவிட்டு ரவுட்டருக்கு வைக்காவிட்டால், மின்வெட்டின்போது உங்களுக்கு அறிவிப்பு எதுவும் வராது.

மின்சாரமில்லாத கொட்டிலுக்குச் சூரியத் தகட்டுக் கமரா பொருந்தும். அதில் இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். லித்தியம் அயன் மின்கலத்தைப் பொதுவாக 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. பங்குனி, சித்திரை நண்பகலில் தகரத்தின் கீழ் வெப்பம் அந்த அளவைத் தாண்டும். எனவே தகடும் கமராவும் தனித்தனியாக உள்ள வகையை வாங்கி, தகட்டை வெயிலிலும் கமராவைக் காற்றோட்டமான நிழலிலும் வையுங்கள். அடுத்து, இவ்வகைக் கமராக்களிற் பல சக்தியைச் சேமிக்க உறக்கத்தில் இருந்து, அசைவு தெரிந்த பின்னரே விழித்துப் பதிவு செய்கின்றன. அந்த ஓரிரு வினாடிக்குள் ஆள் கடந்துவிட்டால் முதுகு மட்டுமே பதிவாகும். ஆகவே அது நடைபாதையின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். மார்கழியில் பல நாட்கள் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் மின்கலம் இறங்கிவிடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

படத்தின் தெளிவுக்கு வருகிறேன். முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண, படத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கமராக்களுக்கான ஐ.ஈ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்த அளவு. 1920 பிக்சல் அகலமுள்ள 1080 பி கமராவில் அது ஏறத்தாழ 7.7 மீற்றர் அகலக் காட்சிக்கே போதும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 2.8 மில்லிமீற்றர் வில்லை மிக அகலமாகப் பார்ப்பதால், சுமார் 3 மீற்றர் தூரம்வரைதான் முகம் தெளியும். 4 மில்லிமீற்றர் வில்லையில் அது நாலரை மீற்றர் அளவாகிறது. முழு வளவையும் ஒரே கமராவில் பார்க்க விரும்புபவருக்கு யாரோ வந்தார் என்பது தெரியும், யார் வந்தார் என்பது தெரியாது. ஆகவே கொட்டில் வாசலுக்கென்று ஒரு கமராவை இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரத்தில் ஒதுக்குங்கள்.

இரவில் சிக்கல் வேறு. வில்லையைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளுக்காகச் சிலந்தி வலை பின்னும், அந்த வலை ஒளியைத் திருப்பியடித்துப் படம் முழுவதும் வெண்மையாகிவிடும். கிழமைக்கொருமுறை துடைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. கிரவல் வீதித் தூசுக்கும் மாரி மழைக்கும் ஐ.பி. 66 தரமுள்ளதை வாங்குங்கள். கட்டாக்காலி மாடுகளும் நாய்களும் மயில்களும் உலாவும் வளவில், எல்லா அசைவுக்கும் அறிவிப்பு அனுப்பும் கமரா ஒரு கிழமைக்குள் உங்களைச் சலிப்படையச் செய்து, அறிவிப்பையே நிறுத்த வைத்துவிடும். மனித உருவத்தைப் பிரித்தறியும் வசதிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது இங்கு தகும்.

பதிவை எங்கே வைப்பது என்பது தரவுக் கட்டணத்தோடு தொடர்புடையது. வினாடிக்கு 2 மெகாபிற் வேகத்தில் தொடர்ந்து பதிவு செய்தால் நாளொன்றுக்கு 21 ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும். இதை 4ஜி வழியாக இணையச் சேமிப்புக்கு அனுப்பினால் மாதத் தரவு சில நாட்களில் தீர்ந்துவிடும். 128 ஜிகாபைட் அட்டையில் ஐந்து நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான பதிவு தங்கும், காணொளியைக் கூடுதலாகச் சுருக்கும் எச்.265 முறையில் ஏறத்தாழ இரு மடங்கு. அட்டை கமராவோடு களவு போகலாம் என்பதால், இயன்றவர்கள் வீட்டுக்குள் ஒரு பதிவுக் கருவியை வைப்பது நல்லது. கமராவின் நேர வலயத்தையும் சரிபாருங்கள். கனடாவிலிருந்து உறவினர் கணக்கைத் திறந்து கொடுத்த சில வீடுகளில், பதிவின் மேல் அந்நாட்டு நேரம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது அது தேவையற்ற குழப்பத்தைத் தரும்.

கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் ரவுட்டர்களையும்தான் பெருமளவில் கைப்பற்றியது. வெளிநாட்டு உறவுகள் பார்க்க விரும்பினால் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், செயலியிலுள்ள பகிர்வு வசதி மூலம் பார்வையிடும் அனுமதியை மட்டும் கொடுங்கள். வேண்டாதபோது அதை நீக்கிவிடலாம்.

பொருத்துபவன் என்ற முறையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. எங்கள் வளவுகளில் கிணற்றடி திறந்த வெளியில் இருக்கிறது; அயல்வீட்டுக் கிணறும் வேலிக்கு அப்பால் தெரியும். பெண்கள் குளிக்கும் அந்த இடம் கமராவின் பார்வைக்குள் வரக்கூடாது. கண்காணிக்கப்படுவதன் பாரத்தை நீண்ட காலம் சுமந்த மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கமராவைத் திருப்ப முடியாத இடமானால், செயலியில் உள்ள மறைப்புக் கட்டத்தால் அப்பகுதியைக் கறுப்பாக்கலாம். பொருத்தி முடிந்ததும் அயல்வீட்டாரை அழைத்து, திரையில் தெரியும் காட்சியை அவர்களுக்கு நேரிலேயே காட்டிவிடுங்கள்.