இரவிலும் தணியாத வெப்பம்

வெப்ப அலையின் முதல் நாள் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் பெரிய மாற்றம் தெரியாது. மூன்றாம், நான்காம் நாளில்தான் வாசலைவிட்டே இறங்காத முதியவர்கள் வரத் தொடங்குவார்கள். "வெயிலிலேயே போகலையே டாக்டர், வீட்டுக்குள்ளதானே இருந்தாங்க" என்று உடன் வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள்.

பகல் முழுக்கச் சுவரும் கூரையும் வாங்கிய சூடு இரவில் வீட்டுக்குள்தான் இறங்குகிறது. உடல் சூட்டை வெளியேற்ற, இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இரவு குளிர்ந்தால் அதற்கு ஓய்வு கிடைக்கும். குளிராத இரவுகள் நாலைந்து தொடர்ந்து வந்தால், ஏற்கெனவே பலவீனமான இதயம் தாங்காது. ஆனால் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும், வெப்பத்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதே, வழக்கமான இறப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் வெப்ப அலையில் இறந்த எழுநூற்றுச் சொச்சம் பேரில் பலர் தனியாக வாழ்ந்தவர்கள். எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்று பலர் நினைக்கிறார்கள். வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரலாம். பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா, எழுப்பினால் எழ மறுக்கிறாரா என்று பாருங்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, கூடவே மூளை தடுமாறினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். "களைப்பில் தூங்குகிறார்" என்று மாலைவரை விட்டுவிட்டு, அப்புறம் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில மணி நேரத்தை எங்களால் திருப்பித் தர முடிவதில்லை.

ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்வியுங்கள். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி வையுங்கள். இது காய்ச்சல் இல்லை, அதனால் பாராசிட்டமால் வேலை செய்யாது. நினைவு தடுமாறுபவருக்கு வாய்வழியாக எதுவும் தராதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் மனநலத்துக்கான சில மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

தனியாக இருக்கும் முதியவரிடம் போனில் "நல்லா இருக்கேன்" என்ற பதில் வந்தால் அதோடு விடவேண்டாம். நேரில் போங்கள், அறைக்குள் நின்று சூட்டை உணர்ந்து பாருங்கள், நாலு வார்த்தை பேசவிட்டுக் கேளுங்கள். பகலில் ஒருமுறை, படுக்கப்போகும் முன் இன்னொருமுறை.