உள்ளீடா, வரத்தா?

தேனி மாவட்டக் கூடலூரில் ஒரு பள்ளியில் மூளையைப் பற்றிய அறிவியல் உரை. 'உள்ளீடு இல்லாவிட்டாலும் சிறுமூளையின் பர்க்கிஞ்சி செல் என்னும் நரம்பணு இயங்கும்' என்றார் பேச்சாளர். 'உள்ளே ஒன்றுமே இல்லாமல் எப்படி ஐயா இயங்கும்?' என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உள்ளீடற்ற உருளை' படிக்கிற பிள்ளை வேறு எப்படிப் பொருள் கொள்வான்?

உள் + ஈடு. இடு என்பதன் முதல் நீண்டு ஈடு ஆனது, கெடு கேடானது போல. உள்ளே இருக்கும் சத்து, சாரம் என்பதே சொல்லின் பழைய பொருள். கணினி வந்தபின் அதன் தலையில் 'இன்புட்' என்ற இன்னொரு பொருளையும் ஏற்றினார்கள். விசைப்பலகையில் ஒருவர் தட்டி உள்ளே இடுகிறார் என்பதால் அங்கே அது பொருந்துகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நரம்பணுவுக்குள் யார் எதை இடுகிறார்கள்?

எங்கள் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது: வரத்து. வா என்னும் வினையில் பிறந்தது. மலைக்கு மேலே மலையாளத்திலும் வெளியூரிலிருந்து வந்தவன் 'வரத்தன்'தான். முல்லைப் பெரியாற்றுக்கு இன்று நீர்வரத்து எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே நாற்றுப் பாவுகிறார்கள். வரத்து நின்றாலும் அணையில் இருக்கும் நீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்துகொண்டிருக்கும். பர்க்கிஞ்சி செல்லும் வெறும் பாத்திரம் அல்ல. வெளியிலிருந்து எதுவும் வராதபோதும் தானாகவே துடிக்கும். வருகிறவை அந்தத் துடிப்பைக் கூட்டும், குறைக்கும், சற்று நிறுத்தியும் வைக்கும்.

செல்லைத் தூண்டும் வரத்தில் இரண்டு வகை உண்டு. பாசியிழைகள் என்னும் நரம்பிழைகள் கொண்டுவரும் செய்தி குருணைச் செல்கள் என்னும் சிறு நரம்பணுக்களுக்குப் போய், அங்கிருந்து அவற்றின் இணையிழைகள் வழியாக வருகிறது. ஒரு பர்க்கிஞ்சி செல்லை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணையிழைகள் தொடுகின்றன. ஒவ்வொன்றும் சிற்றோடை. இன்னொன்று மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளத்திலிருந்து வரும் ஏறிழை. வளர்ந்தவர்களுக்குச் செல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், ஆனால் கொடிபோலக் கிளைகளைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறைதான் அதில் செய்தி வரும், வந்தால் காட்டாறு. செல் பலமாக அதிர்ந்து, சற்று நேரம் அடங்கிவிடும். ஏறிழையும் இணையிழையும் ஒருசேரத் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இணையிழையின் பிடிப்பு தளர்ந்துபோகும். சிறுமூளை பழகிக்கொள்வதற்கு இது ஒரு முக்கிய வழி. இவ்வளவையும் 'இருவகை உள்ளீடுகள்' என்று எழுதினால் ஓடையும் தெரியாது, காட்டாறும் தெரியாது.

நண்பர் ஒருவர் மடக்கினார்: 'தடுக்கிற சமிக்ஞையும் வருகிறதே. வரத்து என்றால் கூடத்தானே வேண்டும்?' பக்கத்திலுள்ள கூடைச் செல்கள் என்னும் நரம்பணுக்களிலிருந்து வருவது பர்க்கிஞ்சியை அடக்குகிறது, உண்மைதான். ஆனால் சந்தையில் தக்காளி வரத்து கூடினால் விலை இறங்குகிறதே! வருவது வேறு, வந்து செய்வது வேறு. கம்பம் சந்தையில் எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்வார்.

மொழிபெயர்ப்பாளர்களின் கோளாறு எனக்குத் தெரியும். ஆங்கிலச் சொல்லை முருங்கைக்காய் போல இரண்டாக ஒடித்து, துண்டுக்கொரு தமிழ்ச்சொல் வைத்து ஒட்டுவார்கள். 'ஃபீட்பேக்' என்பதற்குப் 'பின்னூட்டம்' இப்படித்தான் வந்தது. பின்னாலிருந்து யார் யாருக்கு ஊட்டுகிறார்கள்? இதற்குத் தூய தமிழ் என்று பெயர் வேறு. இதைவிட 'இன்புட்' என்று எழுதுவதே மேல். புரியாதவர் புரியவில்லை என்றாவது கேட்பார்.

செல்லிலிருந்து வெளியே போவதற்கு 'வெளியீடு' என்கிறார்கள். அது புத்தகம் போடுகிறவர்களின் சொல். வரத்துக்கு இணையாகப் 'போக்கு' வைக்கலாம் என்று நினைத்து, கூட்டம் முடிந்ததும் அந்தப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். 'வயிற்றுப்போக்கு மாதிரியா ஐயா?' என்றான். இப்போதைக்கு அணைக்காரர்களின் 'வெளியேற்றம்' என்றே எழுதுகிறேன்.