இம்போர்ட் ஆகிவிட்டது என்று சொல்லாதீர்கள், பிளானைக் காட்டுங்கள்

போன வாரமும் ஓர் அழைப்பு. கம்பெனி வேறு, ஆட்கள் வேறு, கதை மட்டும் அதே கதை. ஏ.டபிள்யூ.எஸ். என்கிற அமேசான் கிளவுடில், கன்சோல் என்கிற அதன் வெப் பக்கம் வழியாகப் பல வருடங்களாகக் கையால் உருவாக்கி ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை டெர்ராஃபார்முக்குள், அதாவது சர்வர்களைக் கோடாக எழுதி நிர்வகிக்கும் கருவிக்குள், கொண்டுவரும் வேலை. ஏற்கெனவே இருப்பதை டெர்ராஃபார்மோடு சேர்ப்பது இம்போர்ட், என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டுவது பிளான், அதை நிஜமாகவே செய்துமுடிப்பது அப்ளை. "எல்லாவற்றையும் இம்போர்ட் பண்ணிட்டோம் சார், ஒரு எரரும் வரலை, அப்ளை கொடுத்த பிறகுதான் சைட் போச்சு" என்றார் அந்த இன்ஜினியர். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். யாரோ எப்போதோ கன்சோல் வழியாக ஒரு சர்வரை உருவாக்கியபோது அதுவாகவே உருவான ஒரு செக்யூரிட்டி குரூப், அதாவது சர்வருக்குள் யார் வரலாம் என்று சொல்லும் ரூல்களின் தொகுப்பு. அதன் டிஸ்கிரிப்ஷனில் "லாஞ்ச் விசார்டு" என்று தொடங்கி ஒரு தேதியோடு ஏதோ எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். இவர்கள் அதை இம்போர்ட் செய்தார்கள். கோடில் பெயர், வி.பி.சி. (அது இருக்கும் தனி நெட்வொர்க்), ரூல்கள் எல்லாம் சரியாக எழுதினார்கள். டிஸ்கிரிப்ஷனை மட்டும் விட்டுவிட்டார்கள், வெறும் விவரம்தானே என்று. அந்த வரி இல்லையென்றால் டெர்ராஃபார்ம் தானாகவே "மேனேஜ்டு பை டெர்ராஃபார்ம்" என்று வைத்துக்கொள்ளும். செக்யூரிட்டி குரூப்பின் டிஸ்கிரிப்ஷனை உருவாக்கிய பிறகு மாற்ற ஏ.டபிள்யூ.எஸ். விடாது. ஆக, மாற்ற ஒரே வழி அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது. பிளானில் அது அப்படியே இருந்தது: மைனஸ், சாய்கோடு, பிளஸ், பக்கத்திலேயே "ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்". பார்த்தார்கள். டிஸ்கிரிப்ஷன் மாற்றம்தானே என்று "யெஸ்" அடித்தார்கள்.

சர்வரில் மாட்டியிருக்கும் குரூப்பை ஏ.டபிள்யூ.எஸ். அழிக்க விடாது, அதனால் டெர்ராஃபார்ம் அழிக்க முயன்றுகொண்டே நின்றது. இந்த இடத்தில் கன்ட்ரோல் சி அடித்திருந்தாலும், அல்லது சும்மா விட்டு 15 நிமிடத்தில் டைம் அவுட் ஆகியிருந்தாலும், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் டீமில் இன்னொருவர், அப்ளை மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று, கன்சோலுக்குப் போய் அந்தக் குரூப்பைச் சர்வர்களிலிருந்து கழற்றி டிஃபால்ட் குரூப்பை மாட்டிவிட்டார், டேட்டாபேஸ் பக்கத்து ரூலில் இந்தக் குரூப்பைக் குறிப்பிட்டிருந்த வரியையும் நீக்கிவிட்டார். பழையது அழிந்தது, புதியது வேறு ஐ.டி.யோடு பிறந்தது. டிஃபால்ட் குரூப் தன் உறுப்பினர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாது. வெளியிலிருந்து சைட் திறக்கவில்லை, உள்ளேயிருந்து டேட்டாபேஸ் கிடைக்கவில்லை.

சரி, இதில் எல்லோரும் வைத்திருக்கும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். இம்போர்ட் முடிந்தால் அந்த ரிசோர்ஸ் (சர்வர், குரூப், டேட்டாபேஸ் என்று கிளவுடில் இருக்கும் எதுவும்) டெர்ராஃபார்மின் கட்டுப்பாட்டில் பத்திரமாக வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வரவில்லை. இம்போர்ட் செய்வது இவ்வளவுதான்: கிளவுடில் இருக்கும் இன்ன ஐ.டி.க்கு என் கோடில் இன்ன பெயர் என்று ஸ்டேட் ஃபைலில் (டெர்ராஃபார்ம் தன் நினைவுக்கு வைத்திருக்கும் கணக்கு) ஒரு முடிச்சுப் போடுகிறது, அதன் இப்போதைய விவரங்களைப் படித்து அங்கேயே எழுதிவைக்கிறது. நீங்கள் எழுதிய கோடு அதோடு ஒத்துப்போகிறதா என்று இம்போர்ட் கமாண்ட் பார்ப்பதில்லை, பார்ப்பது அதன் வேலையும் இல்லை. "இம்போர்ட் சக்சஸ்ஃபுல்" என்று பச்சை எழுத்தில் வந்தால் முடிச்சு விழுந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். அந்த நிமிடத்திலிருந்து, உங்கள் கோடில் இருக்கும் ஒவ்வொரு தவறுக்கும் ஓடுகிற சர்வரை மாற்றும் அதிகாரம் வந்துவிடுகிறது. இம்போர்ட்டுக்கு முன்னால் உங்கள் தவறான கோடு அந்தச் சர்வரை ஒன்றும் செய்திருக்காது. ஆபத்து தொடங்குவதே இம்போர்ட்டுக்குப் பிறகுதான்.

குடும்பம் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு, கட்டி முடித்த பிறகு வரைபடம் வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஒரு சுவர் தப்பு. அதை மேஸ்திரியிடம் கொடுத்தால் அவர் வரைபடத்தைத் திருத்த மாட்டார், சுவரைத்தான் இடிப்பார்.

"கோடுதான் உண்மை" என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள் இல்லையா, அதைத் தயவுசெய்து இம்போர்ட் சமயத்தில் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இம்போர்ட் முடிகிறவரை ஓடுகிற சிஸ்டம்தான் உண்மை. பிளானில் வித்தியாசம் தெரிந்தால் திருந்த வேண்டியது கோடு. அந்த சிஸ்டத்தில் அசிங்கமான பெயர் இருக்கலாம், தேவையே இல்லாத போர்ட் திறந்திருக்கலாம், டேக் எழுத்துப்பிழையோடு இருக்கலாம். அப்படியே எழுதுங்கள். சுத்தம் செய்வது வேறு நாள், வேறு பி.ஆர். (ரிவ்யூவுக்கு அனுப்பும் கோடு மாற்றம்). இரண்டையும் ஒரே பி.ஆரில் கலந்தால் ரிவ்யூ செய்கிறவருக்கு எது வேண்டுமென்றே செய்த மாற்றம், எது கைதவறி வந்தது என்று தெரியாது.

முடிந்ததா இல்லையா என்பதற்கு ஒரே அளவுகோல் பிளானின் கடைசி வரி. இம்போர்ட் எண்ணிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆட், சேஞ்ச், டெஸ்ட்ராய் மூன்றும் 0. அது வராமல் அப்ளை கொடுக்காதீர்கள்.

இதற்காகவே பழைய இம்போர்ட் கமாண்டை விட்டுவிட்டு இம்போர்ட் பிளாக்குக்கு, அதாவது எதை இம்போர்ட் செய்ய வேண்டும் என்று கோடிலேயே எழுதும் சிறு பகுதிக்கு, மாறுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2023-இல் வந்த டெர்ராஃபார்ம் 1.5-இலிருந்தே அது இருக்கிறது. கமாண்ட் அடித்தவுடன் ஸ்டேட்டை மாற்றிவிடும். பிளாக் அப்படியில்லை, பிளானில் முதலில் காட்டும், ரிவ்யூவுக்குப் போகும், பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டுப் போகலாம். கோடையே எழுதித் தரும் வசதியும் அதோடு வந்தது. அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது முதல் வரைவு மட்டும்தான். எல்லா ஐ.டி.யையும் நேரடியாக உள்ளே எழுதிவைக்கும், ஒன்றோடொன்று சேர்ந்து வரக்கூடாத வரிகளையும் சில சமயம் சேர்த்தே எழுதும். படிக்காமல் கமிட் செய்வதற்கு அது இல்லை.

இனி, நான் அடிக்கடி பார்க்கும் சில குழிகள்.

ஐ.ஏ.எம். பக்கம், அதாவது யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்கும் ஏ.டபிள்யூ.எஸ். பகுதியில், "பாலிசி அட்டாச்மென்ட்" என்று ஒரு ரிசோர்ஸ் இருக்கிறது, "ரோல் பாலிசி அட்டாச்மென்ட்" என்று இன்னொன்று இருக்கிறது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது ஒரு ரோலுக்கு (அனுமதி பெறும் அடையாளம்) ஒரு பாலிசியை (அனுமதிகளின் பட்டியல்) மாட்டும், அவ்வளவுதான். முதலாவது அந்தப் பாலிசி அக்கவுன்ட் முழுவதும் யார் யாருக்கு மாட்டியிருக்க வேண்டும் என்ற பட்டியலே தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் பட்டியலில் இல்லாத எல்லாரிடமிருந்தும் கழற்றிவிடும். உங்கள் டீமின் ஒரே ஒரு ரோலுக்காக நீங்கள் எழுதுவீர்கள், பக்கத்து டீமின் பத்து ரோல்கள் அனுமதி இழந்து நிற்கும், அவர்களுக்கு ஏன் என்றே தெரியாது. ஏ.டபிள்யூ.எஸ். கொடுக்கும் பொதுவான பாலிசிகளுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. நான் ரிவ்யூவில் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

ஆர்.டி.எஸ். (ஏ.டபிள்யூ.எஸ். நடத்தித் தரும் டேட்டாபேஸ் சேவை) டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஏ.டபிள்யூ.எஸ். யாருக்கும் திருப்பிச் சொல்லாது, டெர்ராஃபார்முக்கும்தான். ஆகவே இம்போர்ட்டுக்குப் பிறகு கோடில் பாஸ்வேர்டு எழுதினால் அது மாற்றமாகவே தெரியும், அப்ளை கொடுத்தால் மாற்றியும் விடும். தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஏதோ ஒரு சொல்லை அங்கே போட்டுவைக்கிறார்கள் பாருங்கள், அப்புறம் அப்ளிகேஷன் ஏன் லாகின் ஆகவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். எழுதாமல் விடுங்கள். என்கிரிப்ஷன் வரியை இன்னும் கவனமாகப் பாருங்கள். அது நிஜத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பிளான் டேட்டாபேஸையே அழித்துப் புதிதாக உருவாக்கச் சொல்லும்.

எஸ்3-இல் (ஃபைல்களைப் பக்கெட்டுகளில் சேமிக்கும் சேவை), ஏ.டபிள்யூ.எஸ். புரொவைடர் (டெர்ராஃபார்மை ஏ.டபிள்யூ.எஸ்.ஸோடு இணைக்கும் பிளகின்) 4 வந்த 2022-இலிருந்து வெர்ஷனிங், லைஃப்சைக்கிள், என்கிரிப்ஷன் எல்லாம் தனித்தனி ரிசோர்ஸ். பக்கெட்டை இம்போர்ட் செய்தால் பக்கெட் மட்டும்தான் வரும்.

எல்லாவற்றையும் இம்போர்ட் செய்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டோ ஸ்கேலிங் குரூப் தானாக உருவாக்கும் சர்வர்கள், குபெர்னெட்டிஸ் கன்ட்ரோலர் உருவாக்கிவைத்த லோட் பேலன்சர்கள், ஏற்கெனவே கிளவுட்ஃபார்மேஷனில் (டெர்ராஃபார்ம் மாதிரியே ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் சொந்தக் கருவி) இருப்பவை: இவற்றைத் தொடாதீர்கள். ஒரு ரிசோர்ஸுக்கு இரண்டு எஜமானர்கள் வைத்தால் ஒருவர் மாற்றியதை மற்றவர் மாறி மாறிக் கலைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே ரிசோர்ஸை இரண்டு ஸ்டேட்டுகளில் இம்போர்ட் செய்வதும் இதே வம்புதான், அதைத் தடுக்க டெர்ராஃபார்மில் எதுவும் இல்லை.

"பிரிவென்ட் டெஸ்ட்ராய் (அழிக்க விடாதே என்று கோடில் எழுதும் வரி) போட்டிருக்கிறோம், கவலையில்லை" என்பவர்களுக்கு: அந்த வரி இருக்கும் பிளாக்கையே யாராவது கோடிலிருந்து நீக்கினால் காவலும் அதோடு போய்விடும், அடுத்த அப்ளையில் ரிசோர்ஸும் போகும். முக்கியமான டேட்டாபேஸ்களுக்கு இம்போர்ட் தொடங்கும் முன்பே ஏ.டபிள்யூ.எஸ். பக்கத்திலேயே டெலிஷன் புரொடெக்ஷனை ஆன் செய்யுங்கள். ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஸ்டேட் ஃபைல் இருக்கும் பக்கெட்டுக்கு வெர்ஷனிங் ஆன் செய்யுங்கள், அதற்குள் ரகசியங்கள் வெறும் எழுத்தாகவே கிடக்கும் என்பதால் யார் திறக்கலாம் என்பதையும் சுருக்குங்கள். இம்போர்ட் தப்பாகிவிட்டால் கோடிலிருக்கும் ரிசோர்ஸ் பிளாக்கை மட்டும் அழித்துவிட்டு அப்ளை கொடுக்காதீர்கள், அது ரிசோர்ஸை அழிக்கும் கட்டளை. "ஸ்டேட் ஆர்.எம்." கமாண்ட் போதும், டெர்ராஃபார்ம் மறந்துவிடும், ரிசோர்ஸ் அப்படியே இருக்கும். டெர்ராஃபார்ம் 1.7 அல்லது அதற்கு மேல் என்றால் "ரிமூவ்டு" பிளாக்கில் டெஸ்ட்ராய் ஃபால்ஸ் என்று எழுதி அதையே ரிவ்யூ வழியாகச் செய்யலாம்.

முதலில் லாக் பக்கெட் மாதிரி போனால் போகட்டும் என்கிற ஒன்றில் ஆரம்பியுங்கள். நெட்வொர்க் அப்புறம். டேட்டாபேஸ் கடைசி.

மேனேஜர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேலையை "இந்த ஸ்பிரிண்டில் இத்தனை ரிசோர்ஸ்" என்று எண்ணிக்கை வைத்து அளக்காதீர்கள். நான் பார்த்த பல விபத்துகளின் பின்னால் டிக்கெட்டை மூட வேண்டிய அவசரம் இருந்தது. ஒரு டேட்டாபேஸின் பிளான் 0-க்கு வர இரண்டு நாள் ஆனால் ஆகட்டும்.

கன்சோல் பழக்கம் உள்ள சீனியர்களிடம் இன்னொன்று. நடுராத்திரியில் சைட் விழுந்தால் கன்சோலில் கை வைக்கத்தான் வேண்டும், வையுங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் காலையில் டீமிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த அப்ளையில் நீங்கள் ராத்திரி போட்ட திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துவிடும், அதே சைட் பகலில் மறுபடியும் விழும். டீம் பக்கத்தில், தினமும் காலையில் பிளான் மட்டும் தானாக ஓடும்படி வையுங்கள். "டீட்டெயில்டு எக்ஸிட்கோடு" என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் மாற்றம் இல்லாதபோது 0, எரர் என்றால் 1, வித்தியாசம் இருந்தால் 2 வரும். 2 வந்த அன்று யாரும் அப்ளை கொடுக்கக் கூடாது, முதலில் யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஆள் நினைவில்லை என்றால் கிளவுட்டிரெயிலில் (ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு) கடைசி 90 நாள் கணக்கு இருக்கிறது, அங்கே பாருங்கள்.