கருதுகோள்: ஹைப்பாதிசிஸுக்குத் தமிழ்

ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது ஹைப்பாதிசிஸை, அதாவது சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைக்கும் விளக்கத்தை, சிலர் அனுமானம் என்கிறார்கள், சிலர் ஊகம் என்கிறார்கள். கருதுகோள் என்பதே சரியான சொல்.

மூலம் கிரேக்கம். 'ஹுப்போ' கீழே, 'தெசிஸ்' வைத்தல். மேலே ஒன்றைக் கட்டுவதற்காக அடியில் வைப்பது. பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில், வடிவியலாளர்களைப் போல ஒன்றை இப்படி வைத்துக்கொண்டு மேலே ஆராயலாம் என்கிறார் சாக்ரட்டீஸ்.

தமிழில் 'கொள்' நீண்டு 'கோள்' ஆகிறது, கருதிக்கொள்வது கருதுகோள். கோட்பாடும் இதே வேர்தான் (கோள்+பாடு), ஆனால் அது பல சோதனைகளைத் தாண்டி நிலைத்த விளக்கம். அனுமானமோ தருக்கத்தில் ஓர் அளவை, அதாவது அறியும் வழி: புகையைக் கண்டு நெருப்பை அறிவது. மணிமேகலை அதைக் 'கருதல்' என்கிறது. அங்கே முடிவு கைக்கு வந்துவிடுகிறது. கருதுகோளுக்கு வேலையே இனிமேல்தான்: அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வெறும் ஊகத்துக்கு அந்த வேலையும் கிடையாது.

லெ வெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பார்த்தால் இது விளங்கும். நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி கணக்கிட்ட பாதையில் யுரேனஸ் போகவில்லை. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் யோகான் காலே அங்கே தேடினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது!

அப்புறம் புதன். சூரியனுக்கு மிக அருகே அது வரும் புள்ளி, கணக்குக்கு மேல் நூற்றாண்டுக்கு 43 விகலை நகர்கிறது. ஒரு பாகைக்கு 3,600 விகலை என்றால் எவ்வளவு சிறிது பாருங்கள். 1859இல் லெ வெரியே அதே வழியில், புதனுக்கு உள்ளே காணாத பொருள் ஏதோ இருக்கிறது என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கிரகணங்களிலெல்லாம் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915இல் ஈர்ப்பைப் புதிதாக விளக்கிய ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு, புதுக் கோள் எதுவும் இல்லாமலே அந்த 43 விகலையைத் தந்தது.

வல்கன் தோற்றாலும் நல்ல கருதுகோள்தான். எங்கே தேட வேண்டும் என்று சொன்னதால்தான் அது இல்லை என்று காட்ட முடிந்தது. பொய்யென்று காட்ட இடம் தராத கூற்று அறிவியல் கூற்றே ஆகாது என்று மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934இல் வாதிட்டார். ஆனால் இயற்பியலில் எந்தக் கருதுகோளும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டியூம் 1906லேயே எழுதிவிட்டார். கணக்கு பிசகினால் பிழை விதியிலா, நாம் அறியாத பொருளிலா என்று அந்தப் பிசகு மட்டும் சொல்லாது. யுரேனஸில் நியூட்டனின் விதி நிலைத்து நின்றது; புதனில் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.